கோடிச் சேலையில் தைத்த சுடிதார்

கனடாவில் இருக்கும் என் மகள் எனக்கு டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்ன அன்றே இன்னொன்றும் சொன்னாள். "மா, ஏர்போர்ட்டுக்கு அழுது வடியுற மாதிரி எதையாவது கட்டிக்கிட்டு வராத. நல்லா டிரஸ் பண்ணிட்டு வா. அப்பா இருக்கும்போது எப்படி வெளிய கிளம்புவியோ அப்படி வா." சொன்ன கையோடு பேச்சை மாற்றி, அங்கே இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது என்று ஆரம்பித்துவிட்டாள். நானும் மாவை அடுப்புப் பக்கம் வைக்கச் சொன்னேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவர் போய் ஒரு வருஷத்தில், அவள் வாயிலிருந்து 'அப்பா' என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான்.

என் வீட்டுக்காரர் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். வாஷ்பேசின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மகளுக்கு அப்போது வேலை விசா புதுப்பிப்பில் இருந்தது; வெளியே வந்தால் திரும்ப உள்ளே போவது நிச்சயமில்லை என்றார்கள். வராதே என்று சொன்னது நான்தான். அவரை எடுத்துப் போனதையும் கருமாதியையும் அவள் போனில்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு தினமும் கூப்பிடுவாள், சாப்பிட்டியா என்பாள், மாத்திரை போட்டியா என்பாள், அவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. என்னிடமிருந்தும் வராது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்கள் இருவருக்கும் வாய் ஒன்றுதான், அது மூடிக்கொண்டிருந்தது.

நான் அழவும் இல்லை. இதை ஒரு குறையாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அழுதுடு, மனசுல வச்சுக்காத என்று முதுகைத் தடவுவார்கள். வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள், அதனால் தலையை ஆட்டிவிடுவேன்.

ஆனால் மகள் சொன்னது மட்டும் மண்டையில் தங்கிவிட்டது. நான் போய் இறங்குகிற நேரத்தில் அவள் என்னைப் பார்ப்பாள். பக்கத்தில் அவர் இல்லாததையும் அப்போதுதான் முதல் தடவையாகக் கண்ணால் பார்ப்பாள். அங்கே அவள் உடைந்துவிட்டால் தாங்கிப் பிடிக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. வேறு எதையும் சரிசெய்ய என்னால் முடியாது. உடுப்பையாவது சரியாக உடுத்திப் போகலாம். எனக்கு அந்தப் பயணத்தில் அது ஒன்றுதான் கவலையாக இருந்தது, கவலை என்று அதைச் சொல்லலாம் என்றால்.

துணி விஷயத்தில் நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. மண்ணூர்பேட்டையில் ஏற்றுமதிக்கு உடுப்பு தைக்கும் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், எங்கே நூல் இழுத்திருக்கிறது, எங்கே தையல் தாண்டியிருக்கிறது என்று கை சொல்லிவிடும். கண் அப்புறம்தான் பார்க்கும். அவர் போன பிறகு வேலைக்குத் திரும்பினேன். கை சொல்வதை நிறுத்திவிட்டது. சுருக்கமோ முடிச்சோ எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. கழிக்க வேண்டிய உருப்படிகளைப் பாஸ் பண்ணி அனுப்பிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லாமல் என்னை பேக்கிங்குக்கு மாற்றினார். நல்ல மனிதர். திட்டியிருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இத்தனை வருஷமாகக் குளிர் தேசத்துக்காரர்கள் போடுகிற சட்டையையும் கால்சட்டையையும் பார்த்துப் பார்த்து அனுப்பியவள் நான். எனக்கென்று வீட்டில் இருந்ததெல்லாம் சேலையும் நைட்டியும்தான். சுடிதார்கூடப் போட்டதில்லை. அவர் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இந்த வயசுக்கு மேல் என்ன வேஷம் என்று நான்தான் தட்டிக்கழித்தேன்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் ஃப்ளாட். எங்களுக்குக் கீழ் வீட்டில் நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி, அம்பத்தூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மாதம் ஒரு முறை எங்கேயாவது பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நான் கனடா போகிறேன் என்றதும் மேலே ஏறி வந்துவிட்டாள், கேட்காமலே.

"ஆன்ட்டி, சாரி மட்டும் வேண்டாம் கேட்டீங்களா. செக்யூரிட்டில ஒவ்வொரு சேஃப்டி பின்னுக்கும் கீ கீன்னு கத்தும். ஃப்ளைட் பாத்ரூம்ல கொசுவத்த எங்க பிடிப்பீங்க?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அவள் மேலே மேலே சொல்லிக்கொண்டே போனாள். ஒரே கனமான உடுப்பு கூடாது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காகப் போட வேண்டும், சூடானால் ஒன்றைக் கழற்றலாம், குளிர்ந்தால் ஒன்றை ஏற்றலாம். மடித்துத் திணித்தாலும் கசங்காத துணி. காபி கொட்டினால் தெரியாத நிறம். பாஸ்போர்ட்டுக்கு ஜிப் வைத்த பாக்கெட். இடுப்பில் நாடா வேண்டாம், எலாஸ்டிக். இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆனா பாக்க அம்சமா இருக்கணும். அதான் பாயின்ட்" என்றாள்.

கடைக்கு என்னோடு வந்தது என் நாத்தனார். அவருடைய தங்கை. திருநின்றவூரில் இருக்கிறாள். அண்ணன் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறி வந்து என் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். அழுக்காக இருக்கிறதோ இல்லையோ, கழுவுவாள். அவளுக்கு அழுகை வரும்போது குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுவாள். கூடத்தில் எனக்குக் கேட்கும், கேட்காத மாதிரி இருப்பேன்.

ஆவடியில் பெரிய கடையாகப் பார்த்துப் போனோம். கடைப் பெண், வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள் என்று ஒரு கால்சட்டையை நீட்டினாள். முழங்காலுக்குப் பக்கத்தில்கூடப் பாக்கெட். டிரையல் ரூமில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். நாத்தனார் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, கம்பத்துல ஏறப்போற லைன்மேன் மாரி கீற."

அடுத்தது இறுக்கமான லெக்கிங்ஸ். அதைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே தீர்ப்பு. பிறகு பூப்போட்ட நீளமான ஒரு உடுப்பு, அதில் நான் சோபா உறை மாதிரி இருந்தேன். கடைப் பெண்ணுக்குப் பொறுமை அதிகம். மெத்தென்று ஒரு சட்டையைப் பிரித்து, "தொட்டுப் பாருங்கம்மா, அப்பிடியே வெண்ணெய்" என்றாள். தொட்டேன். துணி. அவ்வளவுதான் தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டேன். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் பீரோவைத் திறந்தாள். "உங்கையில இல்லாத பொடவையா? அண்ணன் இருக்க சொல்லோ கட்டுன பொடவைய அந்தப் பொண்ணு சொன்ன மாரி வெட்டித் தச்சிக்க. அதான உன் பொண்ணு கேட்டது, பழைய மாரி வான்னு."

ஒரு ராமர் பச்சையை எடுத்து என் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்தினாள். அவர் கூட வந்து எடுத்த சேலை அது. யாரோ ஒருத்தியின் சேலையை இரவல் வாங்கி வந்து நிற்பது போலிருந்தது. வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். தெரியவில்லை என்றேன். அது உண்மைதான்.

அந்தப் பச்சையைத் திரும்ப வைக்கும்போதுதான் கீழ்த்தட்டில் இருந்த கட்டு அவள் கண்ணில் பட்டது. கோடிச் சேலைகள்.

எங்கள் பக்கம், புருஷன் போன பெண்ணுக்குக் கருமாதி அன்று பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து மேலே போட வேண்டும். கூடப் பிறந்தவன் முதலில். பிறகு உறவுமுறை ஒவ்வொன்றாக வரும். உட்கார வைத்து, தலையோடு சேர்த்து மேலே மேலே போட்டுக்கொண்டே இருப்பார்கள். உள்ளே இருப்பவளுக்கு மூச்சு முட்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் சுருட்டி ஒரு பக்கம் வைத்துவிடுவார்கள். கோடிக்குச் சேலை எடுப்பவர்கள் அதை யாராவது உடுத்துவார்கள் என்று எடுப்பதில்லை. கடையில் 'கோடிக்கு' என்று சொன்னாலே போதும், வெளுத்த நிறத்தில் ஒரு அடுக்கைக் காட்டுவார்கள். மேலே இருப்பதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பிரித்துப் பார்ப்பது கிடையாது.

என் தம்பியும் பிரித்துப் பார்க்கவில்லை. அதில்தான் அவன் மாட்டிக்கொண்டான்.

அவன் கொண்டுவந்தது சாம்பல் கலந்த நீலச் சேலை. மடிப்பில் பார்க்கும்போது கோடிக்கு ஏற்ற அடக்கமான நிறம். என் மேல் போடுவதற்காக அதை உதறினான். உள்ளே மடிந்திருந்த முந்தானை விரிந்து வெளியே வந்தது. அது முழுக்கக் குங்குமச் சிவப்பு. சிவப்பின் மேல் வெள்ளையில் சின்னச் சின்ன மொட்டுகள். கூடத்தில் இருந்த கிழவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முணுமுணுத்தார்கள். கோடியில் சிவப்பா, இவனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். மாற்றிக்கொண்டு வர நேரமில்லை. அவன் அந்த முந்தானையை என் தலைக்கு மேலேயே போட்டான். தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான், பாவம்.

அடுத்தபடியாக, தகப்பன் போன பிள்ளைகளுக்குத் தாய்மாமன் துணி போட வேண்டும். இனி இந்தப் பிள்ளைக்கு நாங்கள் இருக்கிறோம் என்று பத்துப் பேர் முன்னால் சொல்வதற்குச் சமம் அது. தம்பி என் மகளுக்கும் சேர்த்து ஒன்று எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தான். ஆள் இல்லாமல் யார் மேல் போடுவது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் அது அப்படியே விட்டுப்போயிற்று.

இதெல்லாம் நடந்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. சேலைக்குள் இருட்டாக இருந்தது. புதுத்துணிக் கஞ்சி வாடை அடித்தது. அதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

நாத்தனார் அந்தக் கட்டை அவிழ்த்து மேலே இருந்த தம்பி சேலையைக் கையில் எடுத்தாள். "இது நல்லாக்கீது அண்ணி. இதத் தச்சிக்கோ."

"கோடியை வெட்டலாமாம்மா?"

"வெட்டாம? பீரோவுக்குக் கட்டி உட்டு அழகு பாக்கப் போறியா? உன் தம்பி துட்டு குட்த்து வாங்கினு வந்தது. நீயும் கட்ட மாட்ட, பிறத்தியாருக்கும் குடுக்கக் கூடாது. பூச்சி தின்னட்டும்னு வச்சிகினு கீறியா?"

துணியைப் பார்த்தேன். கைதான் செத்துக் கிடந்தது, கண் இன்னும் வேலை செய்தது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த நெசவு. கசக்கி விட்டால் தானாக நிமிரும். காபி கொட்டினாலும் அந்தச் சாம்பல் நீலம் விழுங்கிவிடும். கீழ் வீட்டுப் பெண் சொன்ன எல்லாம் அதில் இருந்தது. பயணத்துக்கென்றே நெய்த மாதிரி ஒரு துணியைத் துக்கத்துக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறான் தம்பி. இன்னும் இரண்டு கோடிச் சேலைகளையும் கூடவே எடுத்துக்கொண்டோம், மாற்றுக்கு.

பூந்தமல்லி கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் டெய்லர் பாய் கடை. பாய் வெட்டுவார், அவர் சம்சாரம் திரைக்குப் பின்னால் பெண்களுக்கு அளவு எடுப்பார். எங்கள் கம்பெனிப் பெண்கள் பாதிப் பேருக்குக் கல்யாண ஜாக்கெட் அங்கேதான். அந்தம்மா சேலையை விரித்துப் பார்த்தார்.

"மடிப்பே கலையலியே. கட்டவே இல்லியாக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார், "கலரு செட்டாவல" என்றாள். புளுகுவதில் அவள் கெட்டிக்காரி, கண்கூடச் சிமிட்ட மாட்டாள்.

அந்தம்மா முந்தானைக்கு வந்ததும் நிறுத்தினார். "மாஷா அல்லா. இத வெட்ட மனசு வராதுக்கா. சேலைல அழகே இதான். மேல் சட்டையும் பேன்ட்டும் உடம்புத் துணியில வந்துடும். முந்தானைய அப்பிடியே உட்டு ஓரம் அடிச்சி துப்பட்டாவாக் குடுக்கறேன். ஏரோப்ளேன்ல போத்திக்கவும் ஆச்சு."

நான் கொஞ்சம் யோசித்தேன். அந்தச் சிவப்பை என் மகள் போனில் பார்த்திருப்பாளோ என்று. தம்பி மகன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் அங்கும் இங்கும் ஆட்டிக்கொண்டிருந்தான். நெட் விட்டுவிட்டு வந்தது. அதில் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும். தெரிந்திருந்தாலும் அன்றைக்கு அவள் பார்த்திருப்பாள் என்றால் அப்பாவின் படத்தைத்தான் பார்த்திருப்பாள். என் சேலையையா பார்த்துக்கொண்டிருப்பாள். சரி, துப்பட்டாவாகவே இருக்கட்டும் என்றேன். கோட்டை விட்டது அங்கேதான்.

"பாக்கெட் வேணும்" என்றேன். "ஜிப் வச்சது."

பாய் தையல் மிஷினிலிருந்து நிமிர்ந்தார். "சுடிதாருக்கா?"

"கனடா போறாங்க" என்றாள் நாத்தனார், அதில் அவளுக்கு ஒரு பெருமை. பாய் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்துவந்து, இரண்டு பக்கமும் வைக்கிறேன், ஒன்று பாஸ்போர்ட்டுக்கு, ஒன்று போனுக்கு என்றார். சொன்ன நாளுக்கு மறுநாள் தந்தார். அந்தச் சந்தில் அது சொன்ன நாள் என்றே அர்த்தம்.

உடுப்பு நன்றாக அமைந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே வரும் சட்டை, கணுக்கால் தெரியாத நேர்க் கால்சட்டை, கழுத்தில் பட்டி. உள்ளே போட ஒரு மெல்லிய பனியன், மேலே எங்கள் கம்பெனியில் மிச்சத் துணியில் தைத்துத் தந்த சாம்பல் நிறக் கோட்டு, எல்லாவற்றுக்கும் மேலே சிவப்புத் துப்பட்டா. கால்களுக்குக் கட்டு ஷூ. கீழ் வீட்டுப் பெண் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, உங்களுக்குப் பத்து வயசு கொறஞ்சு போச்சு" என்றாள். நாத்தனார் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பாத்திரம் கழுவ வேண்டும் என்று உள்ளே போனாள். குழாய் சத்தம் கேட்டது.

நானும் கண்ணாடியைப் பார்த்தேன். அம்சமாகத்தான் இருந்தது. ஒன்றுக்கும் குறை சொல்ல முடியாது. செக்கிங் மேசையில் என்றால் பாஸ் போட்டிருப்பேன்.

பயணத்தில் அந்த உடுப்பு என்னை எங்கேயும் கைவிடவில்லை. செக்யூரிட்டியில் எதுவும் கத்தவில்லை. பாஸ்போர்ட் கேட்ட இடத்தில் எல்லாம் பக்கத்துக்காரர்கள் கைப்பையைக் குடைந்துகொண்டிருக்க, நான் ஜிப்பை இழுத்து எடுத்துக் கொடுத்தேன். துபாயில் விமானம் மாறும்போது ஏசியின் குளிருக்கு எல்லாரும் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் துப்பட்டாவை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டேன். குளிரவில்லை. குளிராமல் இருந்தது துப்பட்டாவாலா, என்னாலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த வருஷம் முழுக்கவே எனக்குக் குளிரவும் இல்லை, வேர்க்கவும் இல்லை. அடுத்த விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெலுங்குக்கார அம்மா என் முந்தானைப் பூவைத் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கியது என்று சைகையில் கேட்டார். தம்பி வாங்கித் தந்தது என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, நல்ல தம்பி என்கிற மாதிரி தலையாட்டினார்.

டொராண்டோவில் இறங்கியதும் நேராகப் பாத்ரூமுக்குப் போனேன். முகம் கழுவினேன், தலை வாரினேன், பொட்டு வைத்தேன். சின்ன மெரூன் பொட்டு. அவர் இருக்கும்போது வெளியே கிளம்புகிற மாதிரி வா என்று சொல்லியிருந்தாளே. துப்பட்டாவைத் தோளில் ஒழுங்காக மடித்துப் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் என் கவலை எல்லாம், என்னைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி ஆகும் என்பதுதான்.

வெளியே கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியவில்லை. சேலையைத் தேடிக்கொண்டிருந்தாள் போல. பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு. கட்டிக்கொண்டாள், விலகி நின்று மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"மா, யாரும்மா இது? சூப்பரா இருக்க. பாக்கெட்லாம் வச்சிருக்க. நான்கூட அங்கங்க பின்னைக் குத்திக்கிட்டு வருவன்னு நெனச்சேன்."

தப்பித்தோம் என்று நினைத்தேன். டிராலியை அவள் வாங்கிக்கொண்டாள். விமானத்தில் என்ன சாப்பாடு போட்டார்கள், தூங்கினாயா என்று கேட்டுக்கொண்டே தள்ளினாள். வாசல் பக்கமாக நடந்தோம். பெட்டியின் மேல் இருந்த பை சரிந்தது. அதைப் பிடிக்கக் குனிந்தவளின் கை என் துப்பட்டா நுனியில் பட்டது. அதை விரல்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"மா. இது மாமா அன்னைக்குப் போட்டதுதானே?"

இல்லை, ஆவடியில் எடுத்தது என்று சொல்ல நினைத்தேன். நாத்தனாராக இருந்தால் சொல்லியிருப்பாள். எனக்கு நாக்கு வரவில்லை. "ஆமா" என்றேன்.

"மாமா பையன் போனை ஆட்டிக்கிட்டே இருந்தான். ஒண்ணுமே தெரியல. அப்பா போட்டோ தெரியல, உன் மூஞ்சி தெரியல. யாரு யாரோ கால்தான் தெரிஞ்சுது. இந்தச் செவப்பு மட்டும் தெரிஞ்சுது மா. அது உள்ளதான் நீ இருக்கேன்னு அதையே பாத்துட்டு இருந்தேன்." அவள் மொட்டுகளைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கெழவிங்க திட்டுனதும் கேட்டுச்சு. எனக்கு அது ஒண்ணுதான் அன்னைக்கு நல்லா இருந்துச்சு."

பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவள் துணியைப் பார்த்தபடியே சொன்னாள். "உனக்கு எல்லாரும் போட்டாங்க. எனக்கு யாருமே ஒண்ணும் போடல மா."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. சின்ன வயதில் வகுப்பில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தார்கள், எனக்கு மட்டும் தீர்ந்துபோயிற்று என்று வந்து சொல்வாளே, அதே குரல்.

தாய்மாமன் போட வேண்டியது. பத்துப் பேர் முன்னால் போட வேண்டியது. தாய் போடலாமா என்று எனக்குத் தெரியாது. முறை தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. நான் தோளிலிருந்து துப்பட்டாவை உருவினேன். முழுசாக விரித்தேன். அவள் சொல்லாமலே தலையைக் குனிந்தாள். அப்படித்தான் குனிய வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது, அந்தப் போனில்தான் பார்த்திருக்க வேண்டும். அவள் தலையையும் தோளையும் சேர்த்துப் போட்டேன். "இது உங்க மாமா போட்டது. உனக்குந்தான்" என்றேன்.

முந்தானைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஒரு வருஷத்து அழுகை, சின்னச் சத்தமாக ஆரம்பித்துப் பெரிதாகிக்கொண்டே போனது. அது நடக்கக் கூடாது என்றுதான் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அவ்வளவு அலைந்தேன். துணியோடு சேர்த்து அவளைப் பிடித்துக்கொண்டேன். தாங்கிப் பிடிக்க என்னிடம் எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். இரண்டு கை இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை.

யாரோ வெளியே போனார்கள். கண்ணாடிக் கதவு திறந்துகொண்டது. அந்த ஊர்க் காற்று உள்ளே வந்து, துப்பட்டா இருந்த இடத்தில், என் கழுத்தில் பட்டது.

"குளுருதுடி" என்றேன்.

ஒரு வருஷத்தில், எனக்கு இப்படி இருக்கிறது என்று நான் இன்னொருவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.